செம்மறித் தோல் விரிப்பில் கோளாறா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

எங்கள் துவைப்புக் கடைக்கு வருகிற, கம்பளி முடியோடு பதனிட்ட செம்மறித் தோல் விரிப்புகளில் பெரும்பாலானவை மகளோ மகனோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ ஊருக்கு வரும்போது பெட்டியில் சுருட்டிக் கொண்டுவந்தவை. கூடவே ஒரு பராமரிப்பு அட்டையும் இருக்கும். அது குளிர்தேசத்து வீட்டுக்கு எழுதிய அட்டை. சித்திரை வெயிலில் மாடித் தொட்டியில் சூடேறிக் கிடக்கும் தண்ணீர், போர்வெல் உப்பு, ஐப்பசியில் தரையில் ஏறும் ஓதம், இவற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி குறைவு. வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டிக் கருப்பு, ராமநாதபுரம் வெள்ளை என்று இந்தப் பக்கம் மேய்கிற ஆடுகள் கம்பளி இல்லாத முடியாடுகள். கம்பளி ஆட்டைப் பார்க்கக் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் வரை போக வேண்டும். அங்கே மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ வளர்க்கிறார்கள்.

அழுக்கினால் பாழான விரிப்பு எங்களிடம் அபூர்வமாகத்தான் வருகிறது. அழுக்கைப் போக்க வாளியில் முக்கி, மொட்டை மாடியில் காயப்போட்டுப் பாழானவையே அதிகம். அதனால் கோளாறு எதுவாக இருந்தாலும் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் விரிப்பைக் கவிழ்த்துப் போடுங்கள். தோல் பக்கம் என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

எதற்கும் முன்னால்: தோல் பக்கத்துச் சோதனை

பகல் வெளிச்சத்தில் தோலின் நிறத்தைப் பாருங்கள்.

சாம்பலில் லேசான நீலம் கலந்திருந்தால் குரோம் போட்டுப் பதனிட்டது. இளமஞ்சளாக இருந்து, அட்டையில் துவைக்கலாம் என்றும் போட்டிருந்தால் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு பதனம். படுக்கை நோயாளிகளுக்கான விரிப்புகள் இந்த வகை. பழுப்பாக இருந்தால் மரப்பட்டைப் பதனம், நம் ஊரில் முன்பு ஆவாரம்பட்டையில் செய்தார்களே, அந்த முறை. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் படிகாரப் பதனமாக இருக்கலாம். இதில்தான் கவனம் தேவை. படிகாரம் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். காய்ந்ததும் தோல் விறைத்துப்போகும்.

சாயம் ஏற்றியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. அப்போது ஓரத்தில் நகமளவு இடத்தில் ஈரப் பஞ்சை 5 நிமிடம் அழுத்தி வையுங்கள். ஒரு நாள் நிழலில் காயட்டும். பிறகு அந்த இடத்தை மடக்கிப் பாருங்கள். முன்பு போலவே மடங்கினால் தண்ணீரைத் தாங்கும். கெட்டியாகி, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவினால், அந்த விரிப்பை ஒருபோதும் முக்காதீர்கள்.

அடியில் துணி வைத்துத் தைத்திருந்தால் ஒரு மூலையில் மட்டும் தையலைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். சோம்பல்பட்டால் பின்னால் வருந்த நேரும்.

கோளாறு: நாற்றம்

எந்த மாதிரி நாற்றம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முடியில் ஒரு தடவை, தோலில் ஒரு தடவை என்று தனித்தனியாக முகர்ந்து பாருங்கள்.

*மழை நாளில் மட்டும் ஆட்டு மொச்சை*

புது விரிப்பில் இது சகஜம். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும், தொட்டால் ஈரமே தெரியாது. அந்த ஈரத்தோடு கம்பளியின் சொந்த எண்ணெய் மணமும் எழும். நிழலில் காற்றோட்டமாக 2 நாள் தொங்கவிட்டால் போய்விடும். போகாவிட்டால் நன்றாக உலர்ந்த முடியில் ஆப்பசோடாவைத் தூவி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் உதறித் தட்டிவிடுங்கள். ஈரமான முடியில் சோடா கூடாது. காரம் கம்பளியைக் கெடுக்கும்.

*மக்கிய வாடை, தோல் பக்கத்தில் புள்ளிகள்*

இது பூஞ்சை. மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, மாப் போட்டு ஈரம் காய்வதற்குள் விரிப்பைப் பழைய இடத்தில் போடுவது. வேலைக்கு வருகிற அக்காவிடம் மின்விசிறியைப் போட்டுத் தரை காய்ந்த பிறகு விரிக்கச் சொன்னாலே பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது, தரை ஓதம். விரிப்பு கிடக்கும் இடத்தில் ஒரு பாலிதீன் தாளைப் பரப்பி, நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் வேர்த்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த அறைக்குத் தோல் விரிப்பு சரிப்படாது; நாற்காலிக்கோ ஊஞ்சலுக்கோ மாற்றிவிடுங்கள். மூன்றாவது, துவைத்து முழுதாகக் காயாமல் விரித்தது.

பூஞ்சையைச் சுத்தம் செய்ய விரிப்பை வெளியே கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் தோல் பக்கத்தை மட்டும் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வெள்ளைப் புள்ளிகள் போய்விடும். கரும்புள்ளிகளின் தடம் நிற்கலாம், அதனால் கெடுதல் இல்லை. நகத்தால் அழுத்தினால் தோல் மாவாக உதிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். உதிர்ந்தால் அந்த இடம் செத்துவிட்டது.

*மூத்திர வாடை*

குழந்தை, பூனை, படுக்கையில் இருக்கும் பெரியவர். உடனே பார்த்துவிட்டால் பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். பிறகு வினிகர் கலந்த குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முடியை மட்டும் துடையுங்கள். தோல் வரை இறங்கிவிட்டால், துவைக்கக்கூடிய விரிப்பாக இருந்தால் மட்டும் துவையுங்கள். படிகாரப் பதனமாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, தோல் துவைக்கத் தெரிந்த உலர்சலவைக் கடைக்குப் போவதே சரி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையை இந்த விரிப்பில் போட்டு விளையாட்டுக் காட்டலாம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. தூங்கவிடக் கூடாது. முகம் முடியில் புதைந்தால் மூச்சு முட்டும். குழந்தை மருத்துவர்கள் தூங்கும் இடத்தில் ஆட்டுத் தோல் வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

*அழுகிய வாடை*

தோல் ஒரு நாளுக்கு மேல் ஈரமாகக் கிடந்து, நம் ஊர்ச் சூட்டில் அழுக ஆரம்பித்திருக்கிறது. ஒரு கொத்து முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேரோடு கழன்று வந்தால் மருந்து கிடையாது. சென்ட் அடித்து மறைக்க வேண்டாம்.

துவைத்தே ஆக வேண்டும் என்றால்

எந்தக் கோளாறுக்கும் இது கடைசி வழி. ஐப்பசி, கார்த்திகையில் துவைக்கவே வேண்டாம், காயாது.

விடிகாலையில் துவையுங்கள். கோடையில் பகல் பதினொரு மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அந்தச் சூடு கம்பளியைச் சுருட்டித் திரித்துவிடும். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஸ்வெட்டருக்கான திரவ சோப்பைப் பயன்படுத்துங்கள். கறை தின்னும் என்சைம் போட்ட சலவைத்தூள் கம்பளியையும் தின்னும், அதுவும் புரதம்தானே. சலவைச் சோப்பு, வாஷிங் சோடா, பிளீச்சிங் பவுடர் மூன்றும் கூடாது. வெள்ளையாக்க நினைத்துப் பிளீச்சிங் பவுடர் போட்டால் கம்பளி கரைந்தே போகும்.

கசக்காதீர்கள், முறுக்காதீர்கள். அமுக்கி அமுக்கி விடுங்கள். கடைசி அலசலுக்கு உப்புத் தண்ணீரைத் தவிர்த்து கார்ப்பரேஷன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து, ஒரு வாளிக்கு 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விடுங்கள். போர்வெல் தண்ணீரில் அலசிய முடி சொரசொரவென்று நிற்பது இதனால் குறையும்.

காயவைக்க நார்க்கட்டிலை விட நல்ல இடம் இல்லை. கூடத்தில் கட்டிலைப் போட்டு, முடி மேலே இருக்கும்படி விரித்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். கட்டிலின் கண்கள் வழியாக அடியிலும் காற்று போகும். மறுநாள் தோலில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நனைந்த மாதிரி தெரியாது, ஆனால் சில்லென்று இருக்கும். இதுதான் பதம். இரண்டு பேர் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து, நீளவாக்கில், அகலவாக்கில், குறுக்கே என்று நிதானமாக இழுங்கள். இழுத்த இடம் கண்ணெதிரே வெளுத்து மெதுவாகும். சில மணி நேரம் கழித்து மறுபடி இழுங்கள். முழுதாகக் காயும் வரை இப்படியே. துவைப்பதில் வருகிற பலன் பாதி என்றால் இந்த இழுவையில் வருவது மீதிப் பாதி.

கோளாறு: தோல் விறைத்துவிட்டது

*நிறம் மாறவில்லை, மடக்கினால் லேசாகச் சத்தம் வருகிறது*

தோலின் எண்ணெய் வற்றியிருக்கிறது. ஜன்னல் வெயிலிலோ ஏசியின் காற்று நேராக அடிக்கும் இடத்திலோ கிடந்திருக்கும். இடத்தை மாற்றுங்கள். தோல் பக்கத்தை மேசை விளிம்பில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழும் இழுத்துத் தேயுங்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கான லானோலின் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். அது கம்பளியிலிருந்து எடுத்த கொழுப்புதான். பட்டாணியளவு எடுத்து, உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்து, தோலில் மெல்லப் பூசி ஒரு நாள் விடுங்கள். தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், எறும்பும் வரும், முடியின் அடிவரை ஊறி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

*துவைத்த பிறகு விறைத்தது, தட்டினால் சத்தம் கேட்கிறது*

படிகாரம் போய்விட்டது. "வெயில்ல நல்லாத்தாம்ப்பா காயவச்சேன், அப்பளமா ஆகிருச்சு" என்று ஓர் அம்மா விரிப்பைத் தட்டிக் காட்டினார். நிஜமாகவே அப்படித்தான் நின்றது, இரண்டாக மடித்தால் உடைந்துவிடும் போல. இதைத் திரும்ப நனைத்து இழுத்தால் ஓரளவு நெகிழும், நிலைக்காது. மறுபடி பதனிட வேண்டும், அது வீட்டு வேலை இல்லை. திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். அந்தத் தொழில் தெரிந்தவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னால், இது மீளுமா மீளாதா என்று சொல்லிவிடுவார். அனுப்பும் செலவும் கூலியும் சேர்ந்து புது விரிப்பின் விலையில் பாதியைத் தாண்டுமானால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

*சுருங்கி, ஓரம் சுருண்டு, சிறுத்துவிட்டது*

சூடு பட்டிருக்கிறது: சுடுதண்ணீர், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, அல்லது வெறுங்காலோடு நிற்க முடியாத மாடித் தரை. சூட்டில் சுருங்கிய தோல் திரும்பி விரியாது. யாரிடமும் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். நல்ல பகுதியை வெட்டி நாற்காலி மெத்தையாக்கலாம். கத்திரியால் வெட்டினால் முடியும் சேர்ந்து மொட்டையாகும். தோல் பக்கத்திலிருந்து பிளேடால் தோலை மட்டும் கீறுங்கள், முடி தானாகப் பிரியும்.

கோளாறு: முடி உதிர்கிறது

உதிர்ந்த முடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

*பறந்து திரியும் தனி முடிகள், புது விரிப்பு*

வெட்டும்போது தங்கியவை. வெளியே கொண்டுபோய் உதறினால் சில வாரங்களில் நின்றுவிடும்.

*கொத்தாக, வேரோடு வருகிறது*

தோல் அழுகல். மேலே சொன்னதுதான்.

*அடியில் ஒட்ட வெட்டினாற்போல, ஆங்காங்கே வழுக்கை*

பூச்சி. இதில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். முடியை இரண்டு பக்கமும் விலக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளை நூலாம்படைக் குழாய்கள், விரிப்பின் நிறத்திலேயே மணல் மணலான எச்சம் இருந்தால் அந்துப்பூச்சியின் புழு. ரோமம் அடர்ந்த பழுப்புப் புழுவும் அதன் உரித்த சட்டைகளும் கிடந்தால் கம்பள வண்டு. தட்டையாக, இரு முனையும் கூர்ந்து, சாம்பல் நிறத்தில் சுவரில் ஒட்டித் தொங்கும் கூடுகளை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் புழுவும் கம்பளி தின்னும். நடமாட்டம் உள்ள இடத்தில் இவை வருவதில்லை. சோபாவுக்கு அடியில் ஒதுங்கிய ஓரம், பரணில் சுருட்டி வைத்த விரிப்பு, இங்கேதான் பிடிக்கும்.

முதலில் விரிப்பை வெளியே உதறி, சீப்பால் வாரி, வேக்குவம் இருந்தால் சுழலும் பிரஷ் இல்லாத முனையால் இழுங்கள். அந்தத் தூசுப் பையை அன்றே வெளியே போட்டுவிடுங்கள்.

அடுத்தது உறையவைப்பது. விஷம் இல்லாத வழி இதுதான், நான் எல்லோருக்கும் சொல்வதும் இதுதான். விரிப்பை இறுகச் சுருட்டி, தடித்த பாலிதீன் பையில் காற்று போக அமுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் வேர்த்து நனையும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, மறுபடி ஒரு வாரம் உள்ளே. முதல் தடவை தப்பிய முட்டைகள் இரண்டாவதில் போகும். வீட்டு ஃப்ரீசரில் நுழையாவிட்டால் டீப் ஃப்ரீசர் வைத்திருக்கும் சொந்தக்காரரைக் கேளுங்கள், இரட்டைப் பை போட்டுக் கொடுங்கள்.

வேப்பிலையும் வசம்பும் விரட்ட உதவும், ஏறிவிட்ட புழுவைக் கொல்லாது. அந்துருண்டை பூட்டிய பெட்டிக்குள் வேலை செய்யும். பிறந்த குழந்தை உள்ள வீட்டில் அதையும் வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

பீரோவில் இருக்கும் பட்டு, கம்பளிச் சால்வை, சோபா மெத்தை என்று வேறு இடங்களிலும் புழு தெரிந்தால் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடும் நேரம். வருகிறவரிடம் விரிப்பின் மேல் மருந்து அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடம்பு படுகிற பொருள் அது.

கோளாறு: சிக்கு, சடை

உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிய முடியென்றால் உதறினாலே பாதி எழும்பும். மீதிக்கு நாய் பூனைக்கு வாரும் கம்பிப்பல் சீப்பு போதும். விரிப்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு கையால் அடிமுடியைத் தோலோடு அழுத்திப் பிடித்து, நுனியிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கு வாருங்கள். பெண் குழந்தைக்குச் சிக்கெடுக்கும் அதே பொறுமை வேண்டும். சுடுதண்ணீரில் கசக்கியதால் அடியில் பாய் பின்னினாற்போல இறுகிவிட்டால் அது பிரியாது, இழுத்தால் தோல் கிழியும். மேலே மிஞ்சியதை ஒரே மட்டமாகக் கத்தரித்துப் பயன்படுத்தலாம்.

கோளாறு: கறை

*எண்ணெய், நெய்:* முல்தானி மெட்டியோ டால்கம் பவுடரோ தூவி, ஒரு ராத்திரி விட்டுத் தட்டுங்கள். கடலை மாவு வேண்டாம், மிச்சம் தங்கினால் பூச்சியைக் கூப்பிடும்.

*காபி, டீ:* ஒற்றி எடுங்கள், பிறகு பிழிந்த துணி, திரவ சோப்பு ஒரு துளி. பாலில்தான் வாடை வரும், அதனால் உடனே.

*மஞ்சள், சாம்பார், குங்குமம்:* சலவைச் சோப்பை வைத்தால் மஞ்சள் சிவப்பாகிவிடும், சேலையில் பார்த்திருப்பீர்கள். முதலில் எண்ணெயைப் பொடியால் எடுங்கள். பிறகு பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மஞ்சளுக்கு வெளிச்சம் ஆகாது. விரிப்பு முழுவதையும் வெள்ளை வேட்டியால் மூடி, கறை உள்ள இடம் மட்டும் தெரியும்படி விட்டு, காலை இளவெயிலில் அரை மணி நேரம் காட்டுங்கள். நாலைந்து காலை இப்படிச் செய்தால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மங்கும். எட்டரை மணிக்குள் எடுத்துவிட வேண்டும்.

மருதாணி, பேனா மை, செருப்புப் பாலிஷ் என்றால் எதையும் தொடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கோளாறு: வெள்ளை மஞ்சளாகிவிட்டது

வெயிலும் வயதும். திரும்ப வெளுக்காது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் மேலும் ஏறுவது குறையும்.

கோளாறு: தோல் கிழிந்தது, தையல் விட்டது

முடியை விலக்கி, தோல் பக்கத்திலிருந்து, முக்கோண முனை ஊசியும் மெழுகிட்ட நூலும் கொண்டு விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தையுங்கள். தடித்த குத்தூசி போட்டால் அந்த ஓட்டையிலிருந்தே அடுத்த கிழிசல் ஆரம்பிக்கும். ஊசி போட்ட இடமெல்லாம் பிய்ந்தால் தோல் வலுவிழந்திருக்கிறது. தோல் பை, ஜாக்கெட் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அடியில் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

உலர்சலவைக்குக் கொடுப்பதாக இருந்தால், முடியோடு கூடிய தோலைத் துவைத்திருக்கிறீர்களா, இங்கேயே செய்கிறீர்களா வெளியூர் அனுப்புகிறீர்களா, துவைத்த பிறகு தோலுக்கு எண்ணெய் ஏற்றுவீர்களா என்று மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விழித்தால் விரிப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோளாறு: தரையில் வழுக்குகிறது

கிரானைட்டிலும் டைல்ஸிலும் வழுக்கத்தான் செய்யும். கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் ரப்பர் வலையை விரிப்பைவிட ஓர் அங்குலம் சிறிதாக வெட்டிப் போடுங்கள். கண்கள் உள்ள வலைதான் வேண்டும். முழு ரப்பர் ஷீட் ஈரத்தை அடைத்து வைக்கும். இரட்டை ஒட்டு டேப்பைத் தோலில் ஒட்டாதீர்கள், பிய்க்கும்போது தோலின் மேற்பரப்பும் சேர்ந்து வரும். தடி ஊன்றி நடக்கிற அப்பத்தாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் எந்த வலையையும் நம்பாமல் விரிப்பைத் தரையிலிருந்து எடுத்து, அவர்கள் உட்காரும் சாய்வு நாற்காலியில் போட்டு நாலு மூலையிலும் நாடா வைத்துக் கட்டிவிடுங்கள்.